எனாமல் பானையும் மலைநாட்டு அடுக்களையும்

வீட்டுக்கென வாங்கும் பொருள்களுள் சமையற் பாத்திரம் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயின், நாட்கூலியைக் கொண்டு குடும்பம் நடத்தும் வீட்டில் அது சிறிய பொருளன்று. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2021 ஆம் ஆண்டிலேயாகும். அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அத்தொகைக்காகக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது என்பதை நாடே அறியும். அக்கூலி பிற்பாடு உயர்த்தப்பட்ட போதிலும், பதுளைக் கடைவீதியில் ஒரு பெரிய பானையை விலை கேட்கும் இல்லத்தரசி, அப்பானை எத்தனை நாள் வேலைக்கு ஈடாகும் என்று மனத்துள் கணக்கிட்டே கேட்கிறாள். அவளுக்குத் தேவையானது மலிந்த பானை மட்டுமன்று. மலிவாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் உள்ள பானையாகும். விலை குறைந்த எனாமல் பானை அத்தேவையை நிறைவேற்றுமா? நிறைவேற்றும், ஆனால் அதன் இயல்பை அறிந்து வாங்கி, அறிந்து பயன்படுத்தினால் மட்டுமே.

எனாமல் என்பது யாது? அது பூச்சு மையன்று, கண்ணாடியேயாகும். மெல்லிய உருக்குத் தகட்டைப் பானையாக வடித்தபின், கண்ணாடித் தூளை நீரிற் குழைத்து அதன்மேற் படியச் செய்து, உலர்த்தி, சூளையில் ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் இடுவர். தூள் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் இடப்படுவது அடிப்பூச்சு. கோபாற்று, நிக்கல் ஆகிய உலோகங்களின் ஒட்சைட்டுகள் அதில் சிறிதளவு கலந்திருப்பதாலேயே கண்ணாடி இரும்பைப் பற்றிக்கொள்கிறது. அதன் நிறம் பெரும்பாலும் கருமையாக இருப்பதற்கும் அதுவே காரணம். அதன்மேல் வெள்ளையாகவோ நீலமாகவோ மேற்பூச்சு இடப்படும். ஆகவே எனாமல் பானை இரும்பாலான உடலும் கண்ணாடியாலான தோலும் உடையது. உடல் அடியைத் தாங்கும், தோல் தாங்காது. பானையை வாங்குவதிலும் ஆளுவதிலும் அறிய வேண்டியன யாவும் இவ்வொரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

சமையற் பாத்திரங்களுக்கு இவ்வாறு கண்ணாடித் தோல் போர்த்தும் முயற்சி 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியில் வேரூன்றியது. அடுத்த நூற்றாண்டில் அது பெருந்தொழிலாக வளர்ந்து, உலகின் பல மூலைகளுக்கும் எனாமல் பாத்திரங்கள் கப்பலேறின. மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924 ஆம் ஆண்டில் பதுளையை எட்டியபின், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பொருள்கள் ஊவாவின் கடைகளுக்கு வந்து சேர்வது எளிதாயிற்று. தமிழ் மக்களிடையே எனாமல் தட்டையும் கோப்பையையும் ‘பீங்கான்’ என்றே அழைக்கும் வழக்கமும் உண்டு. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. பீங்கான் சுட்ட மண். கீழே விழுந்தால் இரண்டாக உடையும். எனாமல் விழுந்தால் உடையாது, சில்லு தெறிக்கும். அந்தச் சில்லுதான் கவனிக்கத்தக்கது.

இனி, பிற பாத்திரங்களோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் நன்று. மண்பானை சுவைக்கு நல்லது. ஆயினும் எளிதில் உடையும், பெரிய அளவில் தூக்குவதற்கும் பாரமானது. அலுமினியம் இலேசானது, விரைவிற் சூடேறுவது. எனினும் புளி, தேசிக்காய், தக்காளி முதலிய புளிப்புப் பொருள்கள் அதனைச் சிறிது சிறிதாக அரிக்கும். அதிலும் கழிவு உலோகங்களை உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரங்கள் ஐயத்துக்குரியவை. இந்தியா உட்படப் பத்து வளர்முக நாடுகளில் வாங்கப்பட்ட 42 பாத்திரங்களை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அவற்றுட் பலவற்றிலிருந்து ஈயம் உணவிற் கலக்கக்கூடும் என்று காட்டியது. எவர்சில்வர் உறுதியில் எல்லாவற்றையும் மிஞ்சும். பெரிய பானையாயின் விலையும் மிஞ்சும். எனாமலோ கண்ணாடியாதலால் புளிப்பைத் தாங்குகிறது; உணவின் மணத்தைப் பற்றுவதில்லை; எண்ணெய்ப் பிசுக்கும் எளிதில் நீங்கும். விறகடுப்பு, எரிவாயு அடுப்பு, மின்னடுப்பு ஆகிய மூன்றிலும் ஏற்றலாம். 2022 ஆம் ஆண்டில் எரிவாயு கிடையாது நாடு தவித்தபோது, நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் மூண்டதை மறத்தற்கில்லை. எவ்வடுப்புக்கும் இணங்கும் பாத்திரம் ஒன்று வீட்டில் இருத்தல் நலம்.

பானை வாங்கச் செல்லுமுன் அளவை முடிவு செய்துகொள்ளல் வேண்டும். சில பானைகளில் கொள்ளளவு குறிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் இராது. ஓர் அளவு நாடா இருப்பின் கணக்கு எளிது. பானையின் உள்விட்டம் 24 சென்ரிமீற்றர், உயரம் 22 சென்ரிமீற்றர் என்று கொள்க. 24 ஐ 24 ஆற் பெருக்கி, வந்ததை 22 ஆற் பெருக்கினால் 12,672 வரும். அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமாக எடுத்து, ஆயிரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 10 லீற்றர். இதுவே பானையின் முழுக் கொள்ளளவு. பொங்கி வழியாதிருக்க எட்டு லீற்றருக்கு மேல் நிரப்புதல் கூடாது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இவ்வளவே போதியது. அதனினும் பெரிதாயின் ஆபத்தும் பெரிது. எட்டு லீற்றர் நீருடன் பானையின் பாரம் பத்துக் கிலோவை அண்மும். கொதிக்கும் நீருடன் அதனைத் தரையடுப்பிலிருந்து தூக்குங்கால் கை தவறினால் விளைவு கொடிது. இடம் குறுகிய லயன் அறையில் குழந்தைகள் அடுப்பின் அருகிலேயே நடமாடுவர் என்பதையும் எண்ணிப் பார்த்தே அளவைத் தெரிதல் வேண்டும்.

கடையில் பானையைக் கையிலெடுத்ததும் முதலிற் பார்க்க வேண்டியது உட்புறம். பானையை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்து நோக்கினால், குறைகள் நிழலாகத் தெரியும். குண்டூசி முனையளவு துளைகளும், மீன் செதில் போன்ற பிறை வடிவத் தெறிப்புகளும், மயிரிழை போன்ற வெடிப்புகளும் இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். மீன் செதில் தெறிப்பு, அடிபட்டதால் மட்டும் வருவதன்று. சூளையிலிருக்கும்போது உருக்கினுட் புகுந்த ஐதரசன் வாயு பின்னர் வெளியேற முயன்று கண்ணாடியைத் தள்ளுவதாலும் அது தோன்றும். அத்தகைய பானையில் இன்று ஒரு செதில் தெறித்திருந்தால் நாளை வேறொன்று தெறிக்கலாம். அதனை விலக்குவதே அறிவுடைமை. அடியின் வெளிப்புறத்தில் இரண்டு மூன்று சிறு புள்ளிகள் காணப்படின் அஞ்ச வேண்டுவதில்லை. சூளையில் பானையைத் தாங்கிய முனைகளின் தடம் அவை.

அடுத்து விளிம்பும் கைப்பிடியும். மிகுதியாக அடிபடுவது விளிம்பே. அது முழுமையாக மூடப்பட்டிருத்தல் வேண்டும். கைப்பிடிகள் அசையாது பொருந்தியிருத்தல் வேண்டும். பழந்துணி சுற்றிப் பிடித்தாலும் கை நுழைய இடமிருத்தல் வேண்டும். பானையைச் சமதளத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தால் அடி சீரானதா என்பது தெரியும். மூடி அசைவின்றிப் பொருந்துகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். ஒரே அளவான இரு பானைகளுள் பாரம் கூடியதைத் தெரிவது பொதுவாக நன்று. தகடு தடித்திருப்பின் உணவு அடிப்பிடிப்பது குறையும். உட்புறம் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ கருநீலமாகவோ இருப்பதே விரும்பத்தக்கது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய பகட்டு நிறங்களுக்குக் கட்மியம் என்னும் நச்சு உலோகம் சேர்ந்த சாயப்பொருள்கள் பயன்படுவதுண்டு. அந்நிறங்கள் வெளிப்புறத்தில் இருக்கலாம். உணவு தொடும் பக்கத்தில் வேண்டா.

வாங்கிய பானையின் தரத்தை வீட்டிலேயே சோதித்தறியவும் ஒரு வழி உண்டு. எனாமலின் தரத்தை அறிய ஆய்வுகூடங்களில் தேசிக்காயில் உள்ள சித்திரிக்கமிலத்தைக் கால் மணி நேரம் அதன்மேல் நிற்கவிடுவர். அதனை எளிய முறையிற் செய்யலாம். விளிம்புக்கு அண்மையில், உட்புறத்தே, தேசிக்காய்ச் சாற்றில் நனைத்த பஞ்சைக் கால் மணி நேரம் ஒட்டி வைத்து, பின் கழுவித் துடைத்து உலர்த்துக. அவ்விடத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறுக. உலர்ந்த துணியாற் கோடு அழிந்தால் பூச்சு உயர்தரமானது. ஈரத் துணியால் மட்டுமே அழிந்தால் நடுத்தரம். ஈரத் துணிக்கும் அழியாது நின்றால், புளிப்பு அதன் பளபளப்பைத் தின்றுவிட்டது என்று பொருள். அப்பானையை நீர் கொதிக்க வைக்கப் பயன்படுத்தலாம். புளிக்குழம்பும் இரசமும் வைக்க அது ஏற்றதன்று. இது வீண் அச்சமன்று. 1928 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஓர் அறிக்கை, எனாமல் வாளியிற் கரைத்து வைத்த எலுமிச்சைப் பானத்தை அருந்திய பலர் ஒருங்கே நோயுற்றதைப் பதிவு செய்துள்ளது. பூச்சிற் சேர்ந்திருந்த அந்திமனி என்னும் பொருள் புளிப்பிற் கரைந்ததே காரணம். நல்ல எனாமலிலும் புளிப்புப் பண்டத்தைச் சமைக்கலாமே அன்றி, இரவு முழுதும் அதிலேயே விட்டுவைத்தல் தகாது.

பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் செல்லும் மலைப்பாதையின் வளைவுகளை அறிந்தவர்க்கு, பானையை வீடு கொண்டு சேர்ப்பதும் ஒரு காரியமே என்பது விளங்கும். மூடியை வேறாகத் துணியிற் சுற்ற வேண்டும். பானையைச் சாக்கினுள் வைத்து, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணிப்பது நன்று. இடம் வீணாகிறதே என்று அதனுள் தேங்காய்களைப் போட்டுக் கொண்டுவந்தால், தோட்டத்துச் சந்தியில் இறங்குமுன்னரே கண்ணாடித் தோல் தெறித்திருக்கும்.

அடுப்பிலேற்றுங்கால் கருத வேண்டியவை மூன்று. முதலாவது, வெறும் பானையைத் தீயில் வைத்தல் கூடாது. இரும்பும் கண்ணாடியும் வெப்பத்தால் ஒரே அளவில் விரிவதில்லை. நீரின்றிக் காய்ந்தால் தோல் வெடிக்கும். இரண்டாவது, காய்ந்த பானையில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றுதலும், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஈரத்தரையில் வைத்தலும் கூடா. பீலித் தண்ணீர் மலைநாட்டின் காலைப்பொழுதில் எத்தகைய குளிர்ச்சி உடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மூன்றாவது, அடுப்புக் கற்களின்மேல் பானையை இழுத்தலாகாது. தூக்கி வைத்துத் தூக்கியே எடுத்தல் வேண்டும். கற்களின் கூர்முனையைத் தட்டிச் சமனாக்கிக் கொள்ளலாம். இரும்பு முக்காலி இருப்பின் இன்னும் நன்று. கவ்வாத்து மிலாறு சடுதியில் மூண்டு பெருஞ்சுவாலை விடும் விறகு. அதனைச் சிறிது சிறிதாக இட்டு, சுவாலை பானையின் அடியில் நிற்கச் செய்தால், பூச்சும் பிழைக்கும், விறகும் மிஞ்சும்.

இத்தகைய பானையின் தலையாய பயன் குடிநீரைக் கொதிக்க வைத்தலாகும். ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் குழாய் வழியே வரும் நீர், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினும், மழைக்குப் பின் கழிவுகளாற் கெட்டிருக்கக்கூடும். நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் செங்கமாரியும் அவ்வழியே பரவும் நோய்கள். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் நேர்ந்த பெரும் மண்சரிவை ஊவா மக்கள் மறவார். அத்தகைய அனர்த்தங்களின் போது ஊற்றுகள் குழம்புகின்றன, குழாய்கள் அறுகின்றன, மக்கள் ஒரே கூரையின்கீழ் நெருங்கி வாழ நேர்கிறது. அந்நாட்களில் நீரைக் கொதிக்கவைக்க ஒரு பெரிய பாத்திரம் இருப்பதும் இல்லாததும் உயிரோடு தொடர்புடைய செய்தியாகிவிடுகின்றன.

நீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது? பத்து நிமிடம், கால் மணி என்று கூறுவோர் உளர். அத்தனை நேரம் வேண்டியதில்லை. நீர் முழுவதும் புரண்டு கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். 2000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலேயே மூன்று நிமிடம் வேண்டும் என்று சுகாதார வல்லுநர் வகுத்துள்ளனர். பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர். பண்டாரவளை 1200 மீற்றருக்கும், அப்புத்தளை 1400 மீற்றருக்கும் சற்று மேல். ஆகவே ஊவாத் தோட்டங்களுக்கு ஒரு நிமிடக் கணக்கே பெரும்பாலும் பொருந்தும். இதில் விறகுச் சிக்கனமும் அடங்கியுள்ளது. எட்டு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பத்தில் மிகப் பெரும்பகுதி, அந்நீரில் ஒரே ஒரு லீற்றரை ஆவியாக்குவதற்குச் செலவாகிவிடும். மூடியைத் திறந்துவைத்து நெடுநேரம் கொதிக்கவிடுவது, விறகுக்கட்டைப் புகைபோக்கி வழியே அனுப்புவதற்கு ஒப்பாகும். நீர் கலங்கியிருந்தால், தெளியவிட்டுத் துணியில் வடித்தபின் கொதிக்க வைக்க வேண்டும். ஆறியபின் அதே பானையில் மூடிவைத்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் முகந்து கொள்ளலாம். கையைவிட்டு முகந்தால் கொதிக்க வைத்ததன் பயன் கெடும். ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்: கொதிக்க வைத்தலால் கிருமிகள் அழியுமேயன்றி, நீரிற் கரைந்த உரமும் பூச்சிமருந்தும் நீங்கா. அவை கலக்கும் இடத்து நீரை எடாதிருப்பதே வழி.

சமையலுக்கு வந்தால் மலைநாட்டின் உயரம் வேறு வகையில் வினை செய்கிறது. ஏறத்தாழ 300 மீற்றர் உயர்ந்தால் நீரின் கொதிநிலை ஒரு பாகை குறையும். கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், பதுளையில் 98 பாகைக்குச் சற்றுக் கீழும், அப்புத்தளையில் 95 பாகை அளவிலும் கொதித்துவிடும். நீர் விரைவிற் கொதிப்பதுபோலத் தோன்றினும், பருப்பும் கடலையும் வேக நேரமாகும். தீயைப் பெருக்குவதால் அவ்வெப்பம் உயராது, விறகே வீணாகும். கடலை, கௌபி, பயறு ஆகியவற்றை முதல் நாள் இரவே ஊறவைத்து, மூடியிட்டு, மெல்லிய தீயில் வேகவிடுதலே தக்கது.

பெரிய பானைக்கு மிகப் பொருத்தமான உணவு எலும்புச் சாறும் மரக்கறிச் சாறுமாம். விலை குறைந்த எலும்பைத் துண்டாக்கிக் கழுவி, குளிர்ந்த நீரில் இட்டு, மெல்லச் சூடேற்ற வேண்டும். மேலே திரளும் நுரையை அகற்றியபின், மிளகு, சீரகம், உள்ளி, இஞ்சி ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் விடலாம். வெலிமடைப் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் இறுதி அரைமணி நேரத்திற் சேர்ந்தால் போதும். எனாமலின் தகடு மெல்லியதாதலால் தீ படும் இடத்தில் அடிப்பிடித்தல் இயல்பு. மர அகப்பையால் அடியைத் துழாவிக்கொண்டிருத்தல் வேண்டும். இரும்புக் கரண்டியால் விளிம்பிற் தட்டும் வழக்கத்தைக் கைவிடுக. மிஞ்சிய சாற்றைச் சிறு பாத்திரங்களிற் பிரித்து ஆறவிட்டு, மறுவேளையில் மீண்டும் நன்கு கொதிக்க வைத்தே உண்ண வேண்டும்.

பானையைத் துலக்குவதற்கு மணல் ஆகாது. அது கண்ணாடியைக் கீறும். கீறிய இடத்தில் கறை பற்றும். உட்புறத்துக்குச் சவர்க்காரமும் மெல்லிய துணியுமே போதும். வெளிப்புறக் கரிக்குச் சலித்த சாம்பலும் தேங்காய் நாரும் பயன்படுத்தலாம். அடிப்பிடித்திருந்தால் கத்தியாற் சுரண்டுதல் தவறு. நீரூற்றி, இரண்டு கரண்டி அப்பச்சோடா இட்டு, மெல்லக் கொதிக்கவைத்து ஓர் இரவு விட்டால், கருகியது தானே கழன்றுவிடும். பின் ஈரமின்றித் துடைத்துக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.

எவ்வளவு பேணினும் ஒருநாள் சில்லு தெறிக்கவே செய்யும். அப்போது நிறத்தைக் கொண்டு முடிவு செய்யலாம். வெள்ளை போய்க் கருமை மட்டும் தெரிந்து, அக்கருமையும் வழவழப்பாக இருப்பின், அடிப்பூச்சு எஞ்சியுள்ளது. வெளிப்புறமாயின் கவலையில்லை, உட்புறமாயின் நீருக்கு மட்டும் அப்பானையை ஒதுக்கிக் கவனித்து வருதல் வேண்டும். இரும்பு வெளிப்பட்டுத் துருவேறி இருப்பின், அல்லது விரலாற் தடவும்போது ஓரம் கூர்மையாக உறுத்தின், உணவுக்கும் குடிநீருக்கும் அதன் காலம் முடிந்தது. துரு நஞ்சன்று, ஆனால் அதன் ஓரத்திலிருந்து அடர்ந்து விழும் கண்ணாடிச் சில்லு தொண்டைக்கும் குடலுக்கும் ஊறு செய்யும். மைதடவி மறைத்தலும் ஈயத்தால் அடைத்தலும் முன்னதினும் தீங்கானவை. பிள்ளை மடுவம் போன்று பல குழந்தைகளுக்கு உணவாக்கும் இடங்களில் இவ்விதியை ஒருநாளும் தளர்த்தலாகாது. ஓய்வு பெற்ற பானை துணி அவிக்கவும், வீட்டு முற்றத்தில் கறிவேப்பிலைக் கன்று வளர்க்கவும் இன்னும் பல்லாண்டு உதவும்.

வாங்கும்போது ஐந்து நிமிடம் வெளிச்சத்திற் பார்த்தல், கொண்டுவரும்போது துணியிற் சுற்றுதல், வெறுமையாகக் காய்ச்சாமை, சூட்டில் குளிர்நீர் ஊற்றாமை, மணலால் தேய்க்காமை ஆகிய இவ்வைந்துக்கும் காசு செலவில்லை. இவற்றைக் கைக்கொண்ட வீட்டில், மலிவாக வாங்கிய எனாமல் பானை ஆண்டுகள் பல கடந்தும் காலையில் மலைக்குப் புறப்படுவோரின் போத்தல்களைத் தூய நீரால் நிரப்பிக் கொண்டிருக்கும்.